தாத்தா எழுதி வைத்த நோட்டுகள்: போகிக்கு முன் கவனிக்க வேண்டியவை

மார்கழிக் கடைசியில் வீடு ஒழிக்கும்போது பரணிலிருந்து டிரங்குப் பெட்டி இறங்கும். உள்ளே நீளக் கணக்கு நோட்டு, கயிறு போட்டுக் கட்டிய போஸ்ட் கார்டுகள், கல்யாணப் பத்திரிகைகள், புரோநோட்டு, பெயர் தெரியாத யாரோ எழுதிய கடுதாசிகள். "இதை இனிமே யாரு படிக்கப் போறா?" என்று வீட்டில் ஒருவர் கேட்டுவிட்டால் போதும். பாதி பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போகும், மீதி போகித் தீயில் போகும்.

கல்லில் எழுதியது தானே நிற்கும், தாளில் எழுதியது யாராவது காப்பாற்றினால்தான் நிற்கும். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் பெருமுக்கல் மலை தெரியும். மலைக் குகையில் பல ஆயிரம் ஆண்டுப் பழமையான பாறைக் கீறல்கள் உண்டு. மேலே உள்ள சிவன் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகளும் உண்டு. இந்த மலைக்கோட்டையை 1760இல் ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிடித்தார்கள். அந்தப் போர்க்காலத்தில் புதுச்சேரியில், பிரெஞ்சு ஆளுநரின் துபாஷாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். 1736இல் தொடங்கி 1761 ஜனவரியில் சாகும்வரை, ஏறக்குறைய 25 ஆண்டுகள் எழுதினார். அதன் பிறகு அந்த நோட்டுகள் வாரிசுகளின் வீட்டிலேயே கிடந்தன. 1846இல் கலுவா மோம்பிரன் என்ற பிரெஞ்சுக்காரர் தேடிப் போய்க் கண்டெடுத்துப் படியெடுக்கச் செய்ததால்தான் அவை உலகத்துக்குத் தெரிய வந்தன. 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்திலும் வந்தன. ஆனாலும் நடுநடுவே விடுபட்ட காலங்கள் உண்டு. அந்தப் பக்கங்கள் போனவை போனவைதான்.

உங்கள் தாத்தா துபாஷாக இருந்திருக்க வேண்டியதில்லை. உப்பளத்துக் கூலிக் கணக்கும் மொய் நோட்டும் இந்த மரக்காணக் கரையின் வரலாறுதான். அவற்றைக் காப்பாற்ற என் அனுபவத்தில் உதவிய குறிப்புகள் இவை.

1. பெட்டியைத் திறந்ததும் எதையும் எடுக்காதீர்கள். முதலில் மேலிருந்து ஒரு போட்டோ எடுங்கள். பிறகு ஒவ்வோர் அடுக்காக எடுத்து, ஒவ்வோர் அடுக்கையும் படம் பிடியுங்கள். எது எதோடு கட்டப்பட்டிருந்தது, எந்த நோட்டுக்குள் எந்தக் கடிதம் செருகியிருந்தது என்பதெல்லாம் தாத்தா விட்டுப்போன செய்தி. நிலப் பத்திரத்துக்குள் மடித்து வைத்த ஒரு கடிதம் அந்த நிலத்தைப் பற்றியதாகவே இருக்கலாம். அதைப் பிரித்து "கடிதங்கள்" கட்டில் போட்டுவிட்டால் அந்தத் தொடர்பு போய்விடும். நல்ல எண்ணத்தோடு அடுக்கி ஒழுங்கு செய்பவர்களால் வரும் சேதம் கரையான் செய்யும் சேதத்துக்குக் குறைந்ததல்ல.

2. போகிக்கு முன் செய்ய வேண்டியது காப்பாற்றி எடுத்து வைப்பது மட்டும். பிரித்து அடுக்கும் வேலைக்கு மாசி, பங்குனி வரட்டும். மழை ஓய்ந்து, பாத்திகள் காய்ந்து, மரக்காணத்தில் உப்பு வாரத் தொடங்கும் காலமே தாளுக்கும் நல்ல காலம். இந்தக் கரையில் ஈரம் மட்டும் எதிரியல்ல. கடற்காற்றில் வரும் உப்புத் துகள் தாளில் படிகிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் பெட்டியைத் திறந்து வைத்தால் தாள் தானாகவே நமுத்துப் போவது அதனால்தான். சில நூறு ரூபாய்க்கு ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி கிடைக்கிறது. 65க்குக் கீழே காட்டும் நாளில் வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

3. கையைக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொண்டு உட்காருங்கள். தாளுக்குக் கையுறை வேண்டாம், விரலின் பிடிமானம் போய்த் தாள் கிழியும். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டும் பழக்கத்தை அன்றைக்காவது விட்டுவிடுங்கள். தூசியைத் தட்ட மென்மையான பெயின்ட் பிரஷ் போதும், நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளுங்கள். பூஞ்சை இருந்தால் முகக்கவசம் போட்டுக்கொண்டு திண்ணையில் வைத்துத் தட்டுங்கள். வாயால் ஊதாதீர்கள். மஞ்சள், குங்குமக் கறையைத் துடைக்க வேண்டாம். அது ஆயுத பூஜைக்கு வைத்த நோட்டு என்பதற்கு அதுவே அடையாளம்.

4. குண்டூசி, ஜெம் கிளிப், ஸ்டேப்ளர் பின் எல்லாம் உப்புக்காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும். துரு தாளை அரித்து ஓட்டை போடும். இழுத்துப் பிடுங்காதீர்கள். ஊசிக்கும் தாளுக்கும் நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகி, அதன்மேல் ஊசியை மெதுவாக நகர்த்தி எடுங்கள். ரப்பர் பேண்டு உருகித் தாளோடு ஒட்டியிருந்தால் அப்படியே விடுங்கள், உதிரும் பகுதியை மட்டும் எடுங்கள். மறுபடி கட்ட வெள்ளைப் பருத்தி நாடா போதும்.

5. பட்டா, கிரயப் பத்திரம், உயில், புரோநோட்டு, பிறப்புச் சான்று ஆகியவற்றைத் தனியாக எடுத்து, எங்கிருந்து எடுத்தோம் என்று அதே இடத்தில் ஒரு சீட்டு வையுங்கள். அசல் பத்திரம் வீட்டுப் பொறுப்பாளரிடம் போகட்டும். மற்றவற்றை "யார் எழுதியது" என்று பிரியுங்கள். "எதைப் பற்றியது" என்று பிரித்தால் ஒரே கடிதம் நாலு கட்டில் சேர வேண்டியிருக்கும். எண் போடுவதானால் மென்மையான பென்சிலால், பின்பக்க மூலையில் மட்டும்.

6. தேதி இல்லாத தாளுக்குக் காலம் கண்டுபிடிப்பது இந்த வேலையில் இனிப்பான பகுதி. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பழைய எழுத்தில் ௳ என்றால் நாள், ௴ மாதம், ௵ வருடம். ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி, ௹ ரூபாய், ௺ நம்பர். இந்த எட்டுக் குறிகளையும் ஒரு அட்டையில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் பாதி நோட்டு வாசிக்க வந்துவிடும். தமிழ் எண்களில் ௧, ௨, ௭, ௮ ஆகியவை க, உ, எ, அ போலவே இருக்கும். கால் என்பதற்கு "வ" போன்ற குறி உண்டு. ஆகவே "௨வ" என்று இருந்தால் இரண்டேகால். நிலக்கணக்கில் மா என்றால் 20இல் ஒரு பங்கு, காணி என்றால் 80இல் ஒரு பங்கு, வீசம் 16இல் ஒரு பங்கு.

ஆண்டைப் பெயரால் குறித்திருந்தால் கவனம் தேவை. சர்வசித்து ஆடி என்றால் 1947 ஜூலை, ஆகஸ்ட். அதே சர்வசித்து தை என்றால் 1948 ஜனவரி, பிப்ரவரி. ஆண்டு சித்திரையில் பிறப்பதால் தை முதல் பங்குனி வரை ஆங்கில ஆண்டில் ஒன்று கூட்ட வேண்டும். பெயர்கள் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பவும் வரும். தனுஷ்கோடியைப் புயல் அழித்த 1964 டிசம்பரும் குரோதிதான், ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரை ஏறிய 2024 நவம்பரும் குரோதிதான். "குரோதி வருஷப் புயல்" என்று பேரன் எழுதினால் அவனுடைய பேரன் குழம்புவான். சந்தேகம் வந்தால் காசைப் பாருங்கள். அணா, பை என்று கணக்கிருந்தால் பெரும்பாலும் 1957க்கு முந்தியது. அந்த ஆண்டு ஏப்ரல் 1இல்தான் 100 பைசா முறை வந்தது. பழக்க தோஷத்தில் அதற்குப் பிறகும் சிலர் அணாவில் எழுதியதுண்டு, ஆகவே இதை ஒன்றை மட்டும் நம்ப வேண்டாம்.

கடிதமானால் முகவரி பேசும். பின்கோடு 1972 ஆகஸ்ட் 15இல் வந்தது. "மதராஸ் ராஜ்யம்" என்றிருந்தால் பெரும்பாலும் 1969க்கு முன். "தென்னாற்காடு ஜில்லா, திண்டிவனம் தாலுகா" என்றிருந்தால் 1993க்கு முன்பாக இருக்க வேண்டும், ஏனென்றால் அந்த ஆண்டு செப்டம்பர் 30இல்தான் விழுப்புரம் மாவட்டம் பிறந்தது. உறையைத் தூக்கிப் போடாதீர்கள். தபால் முத்திரையில் ஊரும் நாளும் இருக்கும். அஞ்சல் தலையைப் பிய்த்து எடுக்க வரும் பிள்ளைகளுக்கு வேறு தலை வாங்கிக் கொடுங்கள்.

7. கணக்கு நோட்டை ஒருபோதும் எடைக்குப் போடாதீர்கள். இந்தப் பக்கத்து வீடொன்றில் ஒரு நோட்டைப் பொறுமையாகப் பார்க்கக் கொடுத்தார்கள். சிவப்புத் துணி அட்டை, நெடுக்கில் மடித்த தாள். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, "லாபம்" என்று ஒரு சொல். பிறகு பக்கம் பக்கமாக உப்பு மூட்டைக் கணக்கு, வண்டிச் சத்தம், வாரக்கூலி வாங்கியவர்களின் பெயர்கள். பெண்களின் பெயருக்குப் பக்கத்தில் கூலி குறைவாகவே எழுதப்பட்டிருந்தது. ஐப்பசி வந்ததும் கூலி வரிசை நின்று, கடன் வரிசை தொடங்கியது. மழைக்காலத்தில் அளம் மூடிக் கிடக்கும் மாதங்களை அந்த வீடு எப்படிக் கடந்தது என்று வேறு எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது. நோட்டைத் திருப்பிப் பின்னாலிருந்து பார்த்தால் தேள்கடிக்கு மருந்து, கன்று போட்ட நாள், ஒரு குழந்தையின் நட்சத்திரம், அதற்குப் பக்கத்தில் வேறு மையில் ஒரு சிறு கோடு. அந்தக் கோட்டுக்கு என்ன பொருள் என்று வீட்டுப் பெரியம்மாவைக் கேட்ட பிறகுதான் தெரிந்தது. அந்தக் குழந்தை தங்கவில்லை.

ஆகவே எந்த நோட்டையும் இரண்டு பக்கத்திலிருந்தும் புரட்டிப் பாருங்கள். அட்டையின் உட்பக்கத்தையும் பாருங்கள். மொய் நோட்டும் அப்படித்தான். யார் யாருக்கு உறவு, எந்த ஊரில் எந்தக் குடும்பம் என்பது அதில் முழுசாக இருக்கும். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் புத்தகங்களோடு அழைப்பிதழ்களையும் நோட்டீஸ்களையும்கூடச் சேர்த்து வைத்தார். அவர் 1992இல் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்பே சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக ஆனது. துண்டுத் தாள் என்று நாம் ஒதுக்குவதை அவர் ஒதுக்கவில்லை.

8. விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தில் தாத்தா தெருக்கூத்து ஆடியவராக இருந்தால் கூத்து நோட்டு ஒன்று இருக்கும். வாத்தியார் சொல்லச் சொல்லக் கேட்டு எழுதிய பாட்டும் வசனமும் அது. அச்சில் இருக்கும் கூத்துப் புத்தகத்தில் இல்லாத வரிகள் அதில் இருக்கக்கூடும். பிழை என்று நினைத்துத் திருத்தாதீர்கள். பாட்டியின் கோல நோட்டுக்கும் இதே மரியாதை வேண்டும். பென்சில் புள்ளிகள் அழியும் முன் முதலில் அதைப் படம் எடுங்கள். "தாத்தாவின் எழுத்து" என்று நாம் சொல்லும் பெட்டியில் பாட்டியின் கையெழுத்து எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தால் சில வீடுகளில் ஆச்சரியம் காத்திருக்கும்.

9. செலோடேப் வேண்டாம். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். இரண்டையும் திரும்ப எடுக்க முடியாது. கிழிந்ததைக் கிழிந்தபடியே வெள்ளைத் தாளுக்குள் வையுங்கள்.

10. தாளில் சின்னச் சின்னத் துளைகள் இருந்தால் ராமபாணப் பூச்சி. மேல் தோல் மட்டும் சுரண்டினாற்போல் இருந்தால் வெள்ளிப்பூச்சி. மண் ஒட்டியிருந்தால் கரையான், அப்போது பெட்டியை விட முதலில் சுவரைக் கவனிக்க வேண்டும். பூச்சி மருந்தை எழுத்தின் மேல் அடிக்கக் கூடாது. அந்துருண்டையையும் கற்பூரத்தையும் தாளோடு போடாதீர்கள். வசம்புத் துண்டு, நன்றாக உலர்ந்த நொச்சி அல்லது வேப்பிலை ஆகியவற்றைத் துணி முடிச்சாகக் கட்டிப் பெட்டி மூலையில் வைக்கலாம். பச்சை இலை வைத்தால் அதன் ஈரமே பூஞ்சையை வரவழைக்கும். பூச்சி உயிரோடு இருந்தால், உலர்ந்த நோட்டைப் பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் மூடி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் உடனே பிரிக்காமல், பை அறையின் சூட்டுக்கு வரும்வரை ஒரு நாள் விடுங்கள்.

11. பரணில் வெயில் சூடு, சமையலறையில் புகை, பூஜை அறையில் எண்ணெய். வெளிச்சுவர் மழையில் ஓதம் ஏறும். வீட்டின் உள்சுவரை ஒட்டி, தரையிலிருந்து ஒரு முழமாவது உயரத்தில் உள்ள மர அலமாரியோ பெயின்ட் அடித்த பீரோவோ நல்லது. பழைய டிரங்குப் பெட்டியை நினைவுக்காக வைத்துக்கொள்ளுங்கள், தாளை அதில் வைக்காதீர்கள். உள்ளே வியர்த்துத் துரு விடும். செய்தித்தாளில் சுற்றினால் அதன் அமிலம் கடிதத்தையும் பழுப்பாக்கும். நன்றாகத் துவைத்த, கஞ்சி போடாத வெள்ளை வேட்டித் துணியில் சுற்றுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டால் மழைக்காலத்தில் அதை மாற்ற மறக்கக் கூடாது.

12. ஃபெஞ்சல் வந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டரை ஒட்டி மழை கொட்டியது. இப்படிப்பட்ட மழையில் பெட்டி நனைந்துவிட்டால் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை தொடங்கிவிடும். நனைந்த தாளை வெயிலில் போடாதீர்கள், சுருங்கி மை வெளுக்கும். நிழலில், மின்விசிறிக் காற்று நேரே அடிக்காமல் அறையில் மட்டும் சுற்றும்படி வைத்து, ஒவ்வொரு சில பக்கத்துக்கு நடுவே வெள்ளைத் தாள் செருகி, ஈரமானதும் மாற்றுங்கள். கட்டு பெரிதாக இருந்து கை போதவில்லை என்றால், பிரிக்காமல் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து உலர்த்தலாம். மின்சாரம் இல்லாத புயல் நாளில் இது நடக்காது, ஐஸ் கம்பெனி ஒன்று பக்கத்தில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். பேனா மை நனைந்தால் ஓடும், அதைத் துடைக்கவே கூடாது. காப்பியிங் பென்சிலால் எழுதியது நனைந்தால் ஊதாவாகப் பரவும், ஆகவே அந்தத் தாள்களை முன்கூட்டியே தனி உறையில் வைத்து மேலே எழுதிவிடுங்கள்.

13. படிக்கத் தெரிந்தவர் இருக்கும்போதே படிக்கச் சொல்லுங்கள். 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்த பிறகு பள்ளிக்குப் போன பிள்ளைகளுக்குப் பழைய லை, ணை, றா வடிவங்கள் தெரியாது. பெரியவரின் பக்கத்தில் செல்போனை வைத்து ரெக்கார்டிங்கைப் போட்டுவிட்டு, "பெரியப்பா, இதுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் படிங்களேன்" என்று கேளுங்கள். அவர் நடுவில் நிறுத்தி, "இந்த முனுசாமி யாருன்னா..." என்று தொடங்கும் கதைதான் நமக்கு வேண்டியது. குறுக்கே பேசாதீர்கள். என்ன தேதி, யார் படித்தார், எந்த நோட்டு, எத்தனையாவது பக்கம் என்று தொடக்கத்திலேயே உரக்கச் சொல்லிவிடுங்கள். ஒரு உட்காரலில் நாலு பக்கத்துக்கு மேல் வேண்டாம், அவருக்குக் களைப்பு வரும். இந்தப் பட்டியலில் நாளைக்குத் தள்ளிப் போட முடியாத வேலை இது ஒன்றுதான்.

14. படம் எடுக்க ஸ்கேனர் தேவையில்லை. ஜன்னல் வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாமல், செல்போனைத் தாளுக்கு நேர் மேலே பிடித்து எடுங்கள். நாலு ஓரமும் படத்தில் தெரிய வேண்டும், பக்கத்தில் ஒரு ஸ்கேலும் இருக்கட்டும். காலிப் பக்கத்தையும் எடுங்கள், இல்லாவிட்டால் பக்கம் விட்டுப்போனதா என்ற சந்தேகம் பிறகு வரும். கோப்புக்கு "தாத்தா-நோட்டு3-பக்கம்012" என்பதுபோல் பெயர் வையுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும், டாக்குமென்டாக அனுப்புங்கள். ஒரு பிரதி கணினியில், ஒன்று தனி ஹார்ட் டிஸ்கில், ஒன்று வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில். கடற்கரை வீட்டுக்கு இந்த மூன்றாவது பிரதிதான் முக்கியம்.

15. கடிதத்தில் சண்டை இருக்கும், கடன் இருக்கும், சாதிப் பேச்சு இருக்கும், வெளியில் சொல்லாத கல்யாணம் இருக்கும். கிழிக்காதீர்கள். உறையில் போட்டு, "இன்ன ஆண்டு வரை திறக்க வேண்டாம்" என்று எழுதி, வீட்டில் இருவருக்குத் தெரியும்படி வையுங்கள். வெளியே பகிர்வதற்கு முன் ஒன்று நினைவில் இருக்கட்டும். கடிதத்தாள் பெற்றவருக்குச் சொந்தம், அதிலுள்ள எழுத்தின் உரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் சொந்தம். அத்தை, சித்தப்பா எல்லாரையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

16. பெட்டியில் ஓலைச்சுவடி இருந்தால் கயிற்றை அவிழ்க்காதீர்கள், எண்ணெய் தடவாதீர்கள், தண்ணீர் படாமல் துணியில் சுற்றி வையுங்கள். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத் தீயில் போட்டார்கள் என்று கேட்டு உ.வே. சாமிநாதையர் பதைத்துப் போனார். அதைச் செய்தவர்கள் சாத்திரப்படிச் செய்கிறோம் என்று நம்பித்தான் செய்தார்கள். நம் ஊரில் இன்றும் "வீட்டில் பழைய ஏடு இருந்தால் ஆகாது" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்டு ஆற்றில் விடாதீர்கள். புதுச்சேரியில் 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது, அங்கே உள்ள சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தவை. சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகமும் உ.வே.சா. நூலகமும் தமிழ் இணையக் கல்விக்கழகமும் உண்டு. எங்கே போனாலும் முதலில் படங்களை மட்டும் காட்டுங்கள். அசலைக் கொடுப்பதாக முடிவு செய்தால், எத்தனை ஏடு, என்ன நிலை, கொடையா இரவலா, குடும்பத்தார் வந்து பார்க்கலாமா, மின்படி நமக்குக் கிடைக்குமா என்று ஐந்தையும் எழுதி, கையெழுத்து வாங்கிய பிறகு கையை விடுங்கள்.